தலா உற்பத்திப் பட்டியலை வைத்து யாரையும் சோம்பேறி என்று சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சென்ற ஞாயிறு நடுப்பக்கத்தில் இத்தாலியின் இருபது பிராந்தியங்களையும் தலா உற்பத்தியின்படி மேலிருந்து கீழாக வரிசைப்படுத்தி ஒரு பட்டியல் வெளியிட்டிருந்தீர்கள். 'உழைக்கும் வடக்கு, உறங்கும் தெற்கு' என்பது தலைப்பு. பட்டியலில் இருந்த எண்களோடு எனக்குச் சண்டை இல்லை. தலைப்போடுதான் சண்டை. அதைவிட, அந்தத் தலைப்பைப் படித்துவிட்டு வாசகர்கள் எழுதி, நீங்களும் வெளியிட்ட கடிதங்களோடு. "கலாப்ரியாக்காரர்களுக்கு உடம்பு வளையாது" என்று ஒருவர். "மானியத்தை நிறுத்தினால் தானாக எழுந்து வேலைக்குப் போவார்கள்" என்று இன்னொருவர். இத்தாலியின் தென்கோடியில் இருக்கும் கலாப்ரியாவை வரைபடத்தில்கூடப் பார்த்திராதவர்கள், ஓர் எண்ணைப் பார்த்த மாத்திரத்தில் அங்கிருக்கும் பதினெட்டு லட்சம் பேருக்குக் குணச் சான்றிதழ் எழுதிவிட்டார்கள். அடுத்தடுத்த வாரங்களில் வேறு நாடுகளுக்கும் இதேபோல் பட்டியல் வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதற்கு முன் இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும் என்றுதான் அவசரமாக எழுதுகிறேன்.

நான் புள்ளியியல் துறையில் பிராந்தியக் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். ஒரு பகுதியின் உற்பத்தி இவ்வளவு என்று அச்சில் வரும் எண், அச்சுக்கு வருவதற்கு முன் என்ன பாடுபடுகிறது என்பதை அருகிலிருந்து பார்த்தவர்கள் குறைவு. பார்த்த ஒருவரின் கடிதமாக இதை எடுத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் நீளும். பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

முதலில் அடிப்படைக் குழப்பம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் பட்டியலின் தலையில் ஓர் இடத்தில் 'தலா உற்பத்தி' என்றும், கட்டுரைக்குள் 'உற்பத்தித்திறன்' என்றும் ஒரே எண்ணுக்கு இரண்டு பெயர் போட்டிருக்கிறீர்கள். இவை இரண்டும் வேறு வேறு. தலா உற்பத்தி என்பது அந்த எல்லைக்குள் உருவான மதிப்பை, அங்கே குடியிருக்கும் அத்தனை பேராலும் வகுத்து வருவது. தொட்டில் குழந்தை, பள்ளி மாணவர், படுக்கையில் இருக்கும் முதியவர் எல்லோரும் வகுக்கும் எண்ணில் சேர்த்தி. உற்பத்தித்திறன் என்றால் வேலை செய்தவர்களால் வகுக்க வேண்டும். இன்னும் சரியாகச் சொன்னால் அவர்கள் வேலை செய்த மணிநேரத்தால். யார் உழைக்கிறார்கள் என்று பேச ஆசைப்பட்டால் இரண்டாவதைத்தான் எடுக்க வேண்டும். நீங்கள் எடுத்தது முதலாவது.

இத்தாலியிலேயே இதைப் போட்டுப் பார்க்கலாம். தலா உற்பத்தியில் கலாப்ரியா, வடக்கே இருக்கும் லம்பார்டியின் பாதியைக்கூட எட்டுவதில்லை. உண்மை. ஆனால் அந்த இடைவெளியைப் பிரித்துப் பாருங்கள். தென் இத்தாலியில் 15 முதல் 64 வயது வரை உள்ளவர்களில் வேலையில் இருப்பவர்கள் அண்மைக் காலம் வரை பாதியைத் தொடவில்லை. வடக்கில் பத்துக்கு ஏழு பேர் அளவில் வேலையில் இருக்கிறார்கள். தெற்கில் பெண்களை மட்டும் எடுத்தால் மூவரில் ஒருவருக்குச் சற்றே கூடுதல், அவ்வளவுதான். இனி வேலையில் இருப்பவர்களை மட்டும் வைத்து, ஒரு வேலையாளுக்கு எவ்வளவு உற்பத்தி என்று கணக்கிட்டால், தெற்கு முழுவதற்கும் வடக்குக்கும் உள்ள வித்தியாசம் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். மீதி இடைவெளி எங்கே போனது? வேலை கிடைக்காதவர்களிடம் இருக்கிறது. வேலை கிடைக்காதவரை உறங்குகிறார் என்று எழுதுவது நியாயமா என்பதை உங்கள் மனசாட்சிக்கே விடுகிறேன்.

அந்த நான்கில் ஒரு பங்கு வித்தியாசமும் பொய் என்று நான் சொல்லவில்லை. வடக்கில் ஏற்றுமதித் தொழிற்சாலைகள் நெருங்கி இருக்கின்றன, இயந்திரம் அதிகம், வங்கிக் கடன் எளிது, ரயில் வேகமாக ஓடுகிறது. தெற்கில் சிறு சிறு கடைகளும் சிறு நிலங்களும் அதிகம். இதெல்லாம் பேசப்பட வேண்டியதே. ஆனால் இவற்றில் எதுவும் ஓர் ஆளின் உடம்பு வளைவதைப் பற்றியது இல்லை.

வேலை தேடி வடக்கே மிலானுக்கும் டூரினுக்கும் போன தெற்கத்தி இளைஞர்களை நினைத்துப் பாருங்கள். அவர்களைப் பெற்று வளர்த்து, பள்ளிக்கூடம் பல்கலைக்கழகம் எல்லாம் படிக்க வைத்தது தெற்கு. சம்பாதிக்கும் வயது வந்ததும் அவர்களுடைய உழைப்பு வடக்கின் கணக்கில் ஏறுகிறது. ஊரில் மிஞ்சுவது பெரியவர்கள். அவர்கள் தெற்கின் வகுக்கும் எண்ணில் நிற்கிறார்கள். ஒரே குடும்பம், பட்டியலில் ஒரு பகுதியை மேலே தூக்குகிறது, இன்னொன்றைக் கீழே இழுக்கிறது. வீட்டில் இருந்துகொண்டு மாமியாரையும் இரண்டு பிள்ளைகளையும் கவனிக்கும் பெண்ணின் வேலைக்கு உற்பத்திக் கணக்கில் ஒரு காசுகூடக் கிடையாது. அதே வேலைக்கு மிலானில் சம்பளத்துக்கு ஆள் வைத்தால் அது உற்பத்தி.

இனி, வகுபடும் எண்ணுக்கு வருகிறேன். எனக்கு மிகவும் ஆற்றாமையான இடம் இதுதான். ஒரு நாட்டின் மொத்த உற்பத்தியைக் கணக்கிடுவது ஒரு வேலை. அதில் எவ்வளவு எந்தப் பகுதியில் உருவானது என்று பிரிப்பது அதைவிடக் கடினமான வேலை. ஏனென்றால் நிறுவனங்கள் பகுதி வாரியாகக் கணக்கு எழுதுவதில்லை.

ஒரு படிவத்தை எடுத்துக்கொள்வோம். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். தலைமை அலுவலகம் பெருநகரத்தில். ஆலைகள் மூன்று, மூன்றும் வெவ்வேறு பகுதிகளில். ஒவ்வோர் ஆலைக்கும் ஒரு வரி. ஆட்கள் எத்தனை, சம்பளம் எவ்வளவு, மூலப்பொருள் செலவு என்ன, உற்பத்தியின் மதிப்பு என்ன என்று நான்கு கட்டங்கள். முதல் இரண்டு கட்டங்கள் மூன்று ஆலைகளுக்கும் சுத்தமாக நிரப்பப்பட்டிருந்தன. சம்பளப் பட்டியல் ஆலை வாரியாகத்தான் போடுவார்கள், அதில் சிக்கல் இல்லை. அடுத்த இரண்டு கட்டங்களில், மூன்று வரிகளையும் சேர்த்து நீள அடைப்புக்குறி ஒன்று போட்டு, 'தலைமை அலுவலகக் கணக்கில் உள்ளது' என்று எழுதி, கீழே ஒரே தொகை. தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டேன். கணக்காளர் மிகவும் மரியாதையாகப் பேசினார். "ஐயா, முதல் ஆலையில் வார்ப்பு, இரண்டாவதில் கடைசல், மூன்றாவதில் பொருத்துகிறோம். ஒன்றிலிருந்து ஒன்றுக்குச் சரக்கு போகிறதே தவிர நாங்கள் பில் போடுவதில்லை. விற்பனை பில் எல்லாம் இங்கிருந்துதான். லாபத்தில் எந்த ஆலைக்கு எவ்வளவு என்று கேட்டால் என் முதலாளிக்கே சொல்லத் தெரியாது" என்றார். அவர் எதையும் மறைக்கவில்லை. அப்படி ஓர் எண் அந்த நிறுவனத்துக்குள் பிறக்கவே இல்லை.

பிறக்காத எண்ணை நாங்கள் என்ன செய்வோம்? உலகம் முழுக்கப் புள்ளியியல் அலுவலகங்கள் செய்வதைத்தான் செய்வோம். ஆலை வாரியாகத் தெரிவது ஆட்களும் சம்பளமும். ஆகவே நிறுவனத்தின் மொத்த மதிப்பைச் சம்பள விகிதத்தில் பிரித்து மூன்று பகுதிகளுக்கும் ஒதுக்குவோம். வேறு வழி இல்லை. நெறிமுறைக் கையேடுகளும் இதை அனுமதிக்கின்றன. இப்போது பாருங்கள். சம்பளம் குறைவாக உள்ள பகுதியில் இருக்கும் ஆலைக்கு, அங்கே புது இயந்திரம் இரண்டு ஷிப்ட் ஓடினாலும், குறைந்த உற்பத்திதான் ஒதுக்கப்படும். பெருநகர அலுவலகத்தில் பெரிய சம்பளம். எனவே அங்கே பெரிய உற்பத்தி. பிறகு யாரோ ஒருவர் அந்த உற்பத்தியை ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்து, "இந்தப் பகுதியில் உற்பத்தித்திறன் குறைவு, அதனால்தான் சம்பளமும் குறைவு" என்று எழுதுகிறார். நாங்கள் சம்பளத்தை வைத்துப் பிரித்த எண் அது. நாங்கள் உள்ளே போட்டதுதான் வெளியே வந்திருக்கிறது. ஆனால் அச்சில் வந்தபின் அது அந்தப் பகுதி மக்களின் திறமைக்கான அளவுகோலாகிவிடுகிறது.

இதை ஒரு மூலையில் நடக்கும் சில்லறை விஷயமாக நினைக்க வேண்டாம். ரயில்வே, வங்கி, காப்பீடு, தொலைத்தொடர்பு என்று நாடு முழுக்க விரிந்து கிடக்கும் தொழில்கள் அனைத்துக்கும் ஏதோ ஒரு பங்கீட்டு விகிதம் தேவைப்படுகிறது. இந்தியாவில் ரயில்வே போன்ற மாநிலம் கடந்த துறைகளின் மதிப்பை தேசியப் புள்ளியியல் அலுவலகமே பிரித்து மாநிலங்களுக்குக் கொடுக்கிறது. கிழக்கு ஜெர்மனியின் கதையும் இதோடு சேர்ந்தது. 1990 ஜெர்மன் இணைப்புக்குப் பிறகு அங்கே வந்த ஆலைகள் பலவற்றுக்குத் தலைமையகம் மேற்கில். ஆராய்ச்சி மேற்கில், வணிகப் பெயர் மேற்கில், விற்பனை மேற்கில். கிழக்கின் ஆலை தன் தாய் நிறுவனத்துக்கே சரக்கு கொடுக்கிறது. என்ன விலைக்கு என்பதைத் தாய் நிறுவனம் முடிவு செய்கிறது. அந்த உள்விலையில் கைவைத்தால் கிழக்கின் 'உற்பத்தித்திறன்' ஏறும், இறங்கும். ஆலைத் தொழிலாளியின் கை ஒரே வேகத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கும். மேற்கோடு இன்னும் மிஞ்சியுள்ள இடைவெளியைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துப் பேசினால் நல்லது.

அரசுப் பள்ளி ஆசிரியரின் உற்பத்தியை எப்படி அளக்கிறோம் தெரியுமா? பள்ளி எதையும் விற்பதில்லை. ஆகவே செலவுதான் உற்பத்தி. அதில் பெரும்பகுதி சம்பளம். ஆசிரியரின் சம்பளம் உயர்ந்தால் அந்த வருட விலையில் உற்பத்தியும் உயர்ந்துவிடும். பாடம் நன்றாக நடந்ததா என்பது அந்த எண்ணுக்குத் தெரியாது. அரசு வேலை அதிகமாக உள்ள பகுதிகளில் இந்த வகை எண்ணுக்கு மொத்தத்தில் கணிசமான பங்கு உண்டு. வீட்டு வாடகையும் அப்படியே. சொந்த வீட்டில் இருப்பவர் தனக்குத்தானே வாடகை கொடுப்பதாக வைத்து, அந்தத் தொகையையும் உற்பத்தியில் சேர்க்க வேண்டும் என்பது சர்வதேச விதி. வீட்டு வாடகை எகிறும் பெருநகரத்தில் யாரும் கூடுதலாக ஒரு செங்கல்கூட எடுத்து வைக்காமலே உற்பத்தி கூடும். உற்பத்தித்திறனை ஒழுங்காகக் கணக்கிடுகிறவர்கள் இந்தக் கற்பித வாடகையை முதலில் கழித்துவிடுவார்கள்.

எல்லை தாண்டி வேலைக்கு வருகிறவர்கள் இன்னொரு சிக்கல். ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளியியல் அலுவலகமான யூரோஸ்டாட்டின் 2016-ஆம் ஆண்டுக்கான கணக்கில், லண்டனின் உள்நகர மேற்குப் பகுதியின் தலா உற்பத்தி ஐரோப்பிய ஒன்றியச் சராசரியைப் போல் 6 மடங்கு. அங்கே குடியிருப்பவர்கள் ஆறு மடங்கு உழைக்கிறார்களா? இல்லை. காலையில் ரயில் ரயிலாக வந்து இறங்கி, வேலை பார்த்துவிட்டு, மாலையில் வேறு பகுதிகளில் இருக்கும் வீடுகளுக்குத் திரும்புகிறவர்கள் உருவாக்கும் மதிப்பு வகுபடும் எண்ணில் நிற்கிறது. வகுக்கும் எண்ணில் அவர்கள் இல்லை. அவர்கள் வீடு இருக்கும் பகுதியிலோ இதற்கு நேர்மாறு: வகுக்கும் எண்ணில் இருக்கிறார்கள், உற்பத்தியில் இல்லை. ஜெர்மனியில் வோல்க்ஸ்வாகன் இருக்கும் வோல்ஃப்ஸ்பர்க், ஒன்றேகால் லட்சம் அளவே மக்கள்தொகை கொண்ட ஊர். பல பத்தாயிரம் பேர் தினமும் வெளியூரிலிருந்து வந்து வேலை பார்க்கிறார்கள். தலா உற்பத்தியில் நாட்டின் உச்சியில் அந்த ஊர் இருப்பதில் வியப்பென்ன? லக்சம்பர்க்கில் சம்பளத்துக்கு வேலை செய்பவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் பிரான்ஸ், பெல்ஜியம், ஜெர்மனியிலிருந்து தினமும் எல்லை கடந்து வருகிறவர்கள். இப்படிப்பட்ட இடங்களைத் தலா உற்பத்தியில் வரிசைப்படுத்தினால் நாம் அளப்பது ரயில் பாதைகளையும் நிர்வாக எல்லைக் கோடுகளையும்தான்.

நெதர்லாந்தின் வடக்கே க்ரோனிங்கன் என்றொரு மாகாணம். இதைப் பற்றி உங்கள் கட்டுரையாளர் ஒரு வாரம் தனியாகவே எழுதலாம். 1959-இல் அங்கே ஸ்லோக்டரன் என்ற ஊரருகே பிரம்மாண்டமான இயற்கை எரிவாயு வயல் கண்டுபிடிக்கப்பட்டது. எரிவாயு எந்த மண்ணிலிருந்து வருகிறதோ அந்தப் பகுதியின் உற்பத்தியாகவே கணக்கில் ஏறும். ஆகவே தலா உற்பத்திப் பட்டியல்களில் க்ரோனிங்கன் பல ஆண்டுகள் ஐரோப்பாவின் செல்வந்தப் பகுதிகளோடு தோளோடு தோள் நின்றது. ஆனால் அங்குள்ள குடும்பங்களின் வருமானமோ நாட்டின் சராசரிக்கும் கீழே. பணம் அரசின் கருவூலத்துக்கும் எண்ணெய் நிறுவனங்களுக்கும் போயிற்று. 2023-இல் வெளிவந்த நாடாளுமன்ற விசாரணை அறிக்கையின்படி, அரசுக்கு மட்டும் கிடைத்தது சுமார் 36,300 கோடி யூரோ. வாயுவை எடுக்க எடுக்க நிலம் அமிழ்ந்து நடுங்கத் தொடங்கியது. 2012 ஆகஸ்டில் ஹைசிங்கே என்ற கிராமத்தருகே 3.6 அளவில் நிலநடுக்கம். சுவர்கள் வெடித்த வீடுகளில் முட்டுக் கொடுத்துக்கொண்டு மக்கள் ஆண்டுக்கணக்கில் இழப்பீட்டுக்கு அலைந்தார்கள். 2023 அக்டோபரில் உற்பத்தி நிறுத்தப்பட்டது. அடுத்த ஆண்டு சட்டம் போட்டு வயலை மூடினார்கள். இத்தனை காலமும் தலா உற்பத்திப் பட்டியலை மட்டும் பார்த்தவர், க்ரோனிங்கன் மக்கள் கொடுத்து வைத்தவர்கள் என்றே நினைத்திருப்பார். கடலுக்கடியில் கிடைக்கும் எண்ணெய்க்கோ இன்னொரு விதி: பிரிட்டன் தன் வடகடல் எண்ணெயை எந்தப் பிராந்தியத்துக்கும் சேர்க்காமல், பிராந்தியம் சாராத தனிக் கணக்கில் வைக்கிறது. நிலத்துக்கு ஒரு விதி, கடலுக்கு ஒரு விதி என்று ஆகும்போது, அண்டையில் இருக்கும் இரண்டு பகுதிகளின் எண்களை நேருக்கு நேர் நிறுத்துவது எவ்வளவு ஆபத்து என்று யோசியுங்கள்.

உங்கள் பட்டியலிலேயே இப்படி ஒரு பகுதி இருக்கிறது. பசிலிகாட்டா. கலாப்ரியாவை ஒட்டியே இருக்கிறது. ஆனால் பட்டியலில் அதற்கு மேலே நிற்கிறது. "தெற்கிலும் உழைத்தால் முன்னேறலாம் என்பதற்கு பசிலிகாட்டா சாட்சி" என்று கட்டுரை சொல்கிறது. அங்கே வால் த'அக்ரியில் எண்ணெய்க் கிணறுகள் இருக்கின்றன. ஐரோப்பிய நிலப்பரப்பில் உள்ள பெரிய எண்ணெய் வயல்களில் ஒன்று. மெல்ஃபியில் பெரிய கார் ஆலை ஒன்று இருக்கிறது. மக்கள்தொகையோ ஐந்தரை லட்சத்துக்கும் குறைவு. சிறிய வகுக்கும் எண்ணின் மேல் ஒரு கிணறும் ஓர் ஆலையும் உட்கார்ந்தால் தலா எண் உயரத்தானே செய்யும்? கார் ஆலையில் ஆர்டர் குறைந்த வருடம் அதே எண் சரியும். பசிலிகாட்டாவின் இளைஞர்கள் கலாப்ரியா இளைஞர்களைப் போலவே ரயில் ஏறிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த எண் வெறும் பெருமைக்காக இருந்திருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். இதை வைத்துத்தான் பணம் பிரிக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில், வாங்கும் சக்தியைச் சரிசெய்த தலா உற்பத்தி ஒன்றியச் சராசரியில் 75 சதவீதத்துக்குக் கீழே உள்ள பிராந்தியம் என்றால் வளர்ச்சி நிதியில் அதற்குத்தான் முதல் பங்கு. 2004 மே மாதம் பத்து நாடுகள் புதிதாகச் சேர்ந்தன. பெரும்பாலும் ஏழ்மையான நாடுகள். சராசரி இறங்கியது. சராசரி இறங்கியதும் சில பிராந்தியங்கள், தங்கள் ஊரில் ஒரு துரும்பும் மாறாமல், 75 சதவீதக் கோட்டுக்கு மேலே போய்விட்டன. முழு உதவிக்கான தகுதி போயிற்று. இடைக்கால உதவி என்று படிப்படியாகக் குறையும் ஒன்றைக் கொடுத்தார்கள். அப்படித் தள்ளப்பட்டவற்றில் மேலே சொன்ன பசிலிகாட்டாவும் ஒன்று. அடுத்த நிதிக்காலமான 2014-2020-இல் அது மறுபடியும் பின்தங்கிய பிராந்தியப் பட்டியலுக்கே வந்து சேர்ந்தது.

கோட்டுக்கு இவ்வளவு மதிப்பு என்றால் எல்லையையே மாற்றி வரைவார்கள். ஹங்கேரியில் புடாபெஸ்டும் அதைச் சுற்றியுள்ள பெஸ்ட் மாவட்டமும் ஒரே புள்ளியியல் பிராந்தியமாக இருந்தன. தலைநகரத்தின் பணக்கார எண்ணால் சுற்றுப்புறமும் பணக்காரப் பகுதியாகத் தெரிந்தது. 2018 முதல் அவற்றைத் தனித்தனியாகப் பிரித்துவிட்டார்கள். போலந்தும் வார்சாவைச் சுற்றியுள்ள மாகாணத்தை அதேபோல் இரண்டாக்கியது. இதில் ஏமாற்று எதுவும் இருப்பதாக நான் நினைக்கவில்லை. பெஸ்ட் மாவட்டத்துச் சிற்றூர்க்காரருக்கு அது நியாயமே. நான் காட்ட விரும்புவது, கோட்டை எங்கே போடுகிறோம் என்பதைப் பொறுத்தே 'பணக்காரப் பகுதி', 'ஏழைப் பகுதி' பிறக்கின்றன என்பதைத்தான்.

எண்ணை வைத்து அதிகாரியின் பதவி உயர்வு முடிவாகும் இடத்தில் நடப்பதோ வேறு. சீனாவில் மாகாணங்கள் அறிவித்த உற்பத்தியை எல்லாம் கூட்டினால் நாட்டின் மொத்த உற்பத்தியைவிடக் கூடுதலாக வரும் நிலை பல ஆண்டுகள் இருந்தது. 2017 ஜனவரியில், 2011 முதல் 2014 வரை தன் நிதிக் கணக்குகள் பொய்யாக உயர்த்தப்பட்டன என்று லியாவோனிங் மாகாணமே ஒப்புக்கொண்டது. மறு ஆண்டு தியான்ஜின் மாநகரின் பின்ஹாய் புதுப்பகுதி தன் 2016 உற்பத்தியை ஒரு லட்சம் கோடி யுவானிலிருந்து 66,540 கோடியாகக் குறைத்துக்கொண்டது. மூன்றில் ஒரு பங்கு காற்றில் போயிற்று. பிறகுதான் மாகாணக் கணக்கை மத்திய புள்ளியியல் அலுவலகமே பார்க்கும் முறை வந்தது.

பொய்யே சொல்லாமலும் எண் பறக்கும். அயர்லாந்தின் உற்பத்தி 2015-இல் 26.3 சதவீதம் வளர்ந்தது என்று 2016 ஜூலையில் அறிவிக்கப்பட்டபோது என்னைப் போன்றவர்கள் ஒரு நிமிடம் அச்சுப்பிழை என்றே நினைத்தோம். பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் காப்புரிமைச் சொத்துகளைக் கணக்குப் புத்தகத்தில் அயர்லாந்துக்கு மாற்றியதன் விளைவு அது. அயர்லாந்தின் புள்ளியியல் அலுவலகம் சும்மா இருக்கவில்லை. அடுத்த ஆண்டே, இந்த ஊதலை நீக்கிய திருத்திய தேசிய வருமானம் என்ற தனி அளவீட்டை வெளியிடத் தொடங்கியது. அந்த நேர்மைக்கு என் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் தலைவணங்க வேண்டும். 2022-ஆம் ஆண்டுக்கான ஐரோப்பியப் பிராந்தியப் பட்டியலின் உச்சியிலும் அயர்லாந்தின் தெற்குப் பிராந்தியம் நின்றது; மருந்து நிறுவனங்களின் கணக்கு அங்கே பதிவாவதே முக்கியக் காரணம்.

விலைவாசியையும் விட்டுவிட்டீர்கள். அமெரிக்காவின் பொருளாதாரப் பகுப்பாய்வுத் துறை மாநில வாரியாக விலைமட்டக் குறியீடு வெளியிடுகிறது. நாட்டுச் சராசரியை 100 என்று வைத்தால் மிசிசிப்பி 87 அளவில் இருக்கிறது, கலிஃபோர்னியா 112 அளவில். ஒரே டாலர் இரண்டு மாநிலங்களிலும் ஒரே அளவு வாங்குவதில்லை. பல நாடுகளில் இப்படிப் பிராந்திய விலைக் குறியீடே கிடையாது. நாடு முழுக்க ஒரே விலை என்று வைத்துத்தான் ஒப்பிடுகிறார்கள்.

வெளியிலிருந்து வரும் பணத்தைப் பற்றி நம் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வளைகுடாவிலிருந்து கேரளக் குடும்பங்களுக்கு வரும் பணம் கேரளத்தின் உற்பத்திக் கணக்கில் சேராது; அது வேறு நாட்டில் உருவான மதிப்பு. ஆனால் அந்தப் பணத்தில்தான் வீடு எழும்புகிறது, பிள்ளைகள் படிக்கிறார்கள். குடும்பச் செலவுக் கணக்கெடுப்பில் கேரளம் பெரிய மாநிலங்களில் முன்வரிசையில் வருவதற்கும் தலா உற்பத்தியில் அதே இடம் கிடைக்காததற்கும் இது முக்கியக் காரணம். மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதை உற்பத்திக் கணக்கிடம் கேட்டால் அது பதில் சொல்லாது. 1934-இல் அமெரிக்க செனட்டுக்குத் தேசிய வருமான அறிக்கையைக் கொடுத்த சைமன் குஸ்நெட்ஸ், ஒரு நாட்டின் நல்வாழ்வை அதன் தேசிய வருமானத்தை மட்டும் வைத்து ஊகிக்க முடியாது என்று அந்த அறிக்கையிலேயே எச்சரித்திருக்கிறார். கணக்கை உருவாக்கியவரே சொன்னதை நாம் மறக்கலாமா?

ஒப்பீடே வேண்டாம் என்பது என் வாதம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. என் வாழ்நாளின் வேலையே பகுதிகளை ஒப்பிடுவதுதான். ஒப்பிடாவிட்டால் பின்தங்கிய பகுதிகள் யார் கண்ணிலும் படாது. தலைநகரத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு நாட்டுச் சராசரி ஒன்றே போதும் என்றாகிவிடும். இத்தாலி 1950-இல் தெற்கின் வளர்ச்சிக்கென்று தனி நிதியம் தொடங்கியதற்குக்கூட, இடைவெளி எண்ணாகக் கண்ணுக்குத் தெரிந்ததே ஒரு காரணம். ஆகவே அந்த எண் வேண்டும், அது எதை யாரால் வகுத்து வந்தது என்ற விவரத்தோடு வேண்டும்.

எனவே உங்களிடம் சில வேண்டுகோள்கள். வரப்போகும் பட்டியல்களில் தலா உற்பத்திக்குப் பக்கத்தில் இன்னும் மூன்று பத்தி சேருங்கள்: ஒரு மணிநேர வேலைக்கான உற்பத்தி, வேலை வயதினரில் எத்தனை சதவீதம் பேர் வேலையில் இருக்கிறார்கள், வரி போகக் குடும்பங்களின் கைக்கு வரும் வருமானம். ஐரோப்பிய நாடுகளுக்கு இவை பிராந்திய வாரியாகவே யூரோஸ்டாட் தளத்தில் கிடைக்கின்றன. மணிநேரக் கணக்கு கிடைக்காத நாட்டுக்கு ஒரு வேலையாளுக்கான உற்பத்தியையாவது போடுங்கள். நான்கு பத்திகளும் ஒரே வரிசையைத் தராது. எங்கே முரண்படுகின்றனவோ அங்கேதான் உங்கள் கட்டுரையாளருக்கு எழுத விஷயம் இருக்கிறது. பத்து லட்சத்துக்கும் குறைவான மக்கள்தொகை உள்ள பகுதிகளுக்கு ஒரே ஆண்டின் எண்ணைப் போடாமல் மூன்றாண்டுச் சராசரி போடுங்கள். ஓர் ஆலை மூடினாலும் திறந்தாலும் ஆடிப்போகும் எண் அது. எண்ணெய், எரிவாயு, சுரங்கம் உள்ள பகுதிக்கு ஒரு குறி போட்டுக் கீழே ஒரு வரி எழுதுங்கள். பெருநகரத்தை அதைச் சுற்றி ஆட்களை அனுப்பும் பகுதிகளோடு சேர்த்துக் காட்டுங்கள்.

தலைப்பு வைக்கும் உதவியாசிரியருக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். 'உழைக்கும்', 'உறங்கும்' போன்ற சொற்களை இந்த வரிசைக்கு இனி வைக்க வேண்டாம். கலாப்ரியாவில் மூவரில் இரண்டு பெண்களுக்கு ஊதிய வேலை இல்லை என்ற செய்தி உங்கள் பட்டியலுக்குள்ளேயே ஒளிந்து கிடந்தது. அதைத் தலைப்பாக்கியிருந்தால் மறுநாள் வந்த கடிதங்கள் வேறு மாதிரி இருந்திருக்கும்.

அடுத்த வாரம் ஸ்பெயின் என்று அறிவித்திருக்கிறீர்கள். பட்டியல் அச்சுக்குப் போகுமுன் யாராவது ஒருமுறை சரிபார்க்க வேண்டும் என்றால் நான் தயார். என் முகவரி உங்கள் அலுவலகத்தில் இருக்கிறது. நன்றி.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற புள்ளியியல் அலுவலர்
(பிராந்தியக் கணக்குப் பிரிவு)